அண்ணன் போட்ட நாய்

மலாயாவில் அவசரகாலச் சட்டம் கடுமையாக இருந்த நேரம் அது. லிங்கி ஆற்றை ஒட்டிய ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் தாதியாகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. சிரம்பானில் பயிற்சி முடித்த கையோடு, அம்மாவும், லோரி ஓட்டும் அண்ணனும் இருந்த தோட்டத்திலேயே வேலை கிடைத்ததை எல்லோரும் அதிர்ஷ்டம் என்றார்கள். அப்பா இல்லை. ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பி வரவில்லை. அவருடையது என்று சொல்ல வீட்டில் ஒரு சட்டைப் பொத்தான்கூட மிஞ்சவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா பின்னால் என்னிடம் ஒன்று கேட்டது ஏன் என்பது அப்போதுதான் புரியும்.

தோட்டத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டிருந்தார்கள். இருட்டினால் ஊரடங்கு. அரிசி அளந்துதான் கிடைக்கும். காலையில் பட்டை கீறிப் பால் எடுக்கும் பால் மரம் வெட்டுக்குப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் எடுத்துப் போகக் கூடாது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்ட்காரர்களுக்குப் போய்விடுமாம். கேட்டில் ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். வேலை, வீடு, வேலி என்று நாட்கள் போய்க்கொண்டிருந்தபோதுதான் இந்த அட்டை வேலை தொடங்கியது.

ஒரு தமிழ்ப் பத்திரிகையின் வாசகர் பகுதியில் படம் வரையும் போட்டி வைத்திருந்தார்கள். மூன்று பேருக்கு ஆறுதல் பரிசு. அதில் நான் ஒருத்தி. இன்னொருவர் பகாவ் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. மூன்றாமவர் சிரம்பானில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். பெயருக்குப் பதில் முதல் எழுத்தும், கூடவே முகவரியும் அச்சாகியிருந்தன. ஆசிரியைதான் எங்கள் இருவருக்கும் எழுதினார்: மூன்று பேரும் சேர்ந்து ஒரே அட்டையில் படம் போட்டால் என்ன?

ஏற்பாடு எளிமையானது. அட்டையைத் தயார் செய்வது என் பொறுப்பு. ஆஸ்பத்திரிக்குப் பஞ்சு வரும் பெட்டிகளைத் தபால் அட்டை அளவுக்கு வெட்டி, ஒரு பக்கம் வெள்ளைத் தாள் ஒட்டி, அதன்மேல் பின்னணி பூசுவேன். வண்ணம் வாங்க வேண்டியதில்லை. கெட்டுப்போய்க் கொட்டிவிட வேண்டிய மருந்து பாட்டில்களின் அடியில் போதுமான அளவு இருந்தது. புண்ணுக்குப் போடும் ஊதா மருந்தையும் மஞ்சள் மருந்தையும் தண்ணீர் விட்டுக் கலந்தால், மரம் வெட்டப் போகும் நேரத்து வானம் அப்படியே வரும். அந்த அட்டை தபாலில் பகாவுக்குப் போகும். ஆசிரியை வண்ணத் தாளைக் கத்தரித்து இலை, மீன், பறவை என்று ஒட்டுவார். அங்கிருந்து சிரம்பானுக்குப் போகும். பலகை எழுதுகிறவர் மெல்லிய தூரிகையால் கோடும் நிழலும் போட்டு முடிப்பார். முடிந்த அட்டை ஒரு முறை எனக்கு வரும், அடுத்த முறை ஆசிரியைக்குப் போகும், அதற்கடுத்தது அவரிடமே இருக்கும்.

தபாலைச் சோதிக்கிற காலம் என்பதால் சில கட்டுப்பாடுகளும் வைத்துக்கொண்டோம். சாலை, பாலம், கட்டடம், சீருடை இவற்றை வரையக் கூடாது. யாராவது ரகசிய வரைபடம் என்று நினைத்துவிட்டால் மூன்று பேரும் போலீஸ் நிலையத்தில் நிற்க வேண்டியிருக்கும். முகவரியைத் தவிர ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது. அதனால் நாங்கள் மூவரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எதுவும் தெரியாமலேயே பழகினோம். ஆசிரியைக்குப் பொறுமை அதிகம் என்று அவர் கத்தரித்த இலை நரம்புகளிலிருந்து தெரிந்தது. பலகைக்காரருக்குக் கோணல் பிடிக்காது என்று அவர் கோட்டிலிருந்து தெரிந்தது. அவ்வளவுதான்.

அண்ணன் இதற்குள் நுழைந்தது முதல் அட்டையிலேயே. நான் வண்ணம் பூசி ஜன்னல் கட்டையில் காய வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், கீழ் மூலையில் தடித்த பென்சிலால் ஏதோ ஒரு உருவம். அவன் லோரியில் பால் தொட்டி அளவு குறித்துக்கொள்ள வைத்திருந்த பென்சில்.

"அண்ணே, என்ன பண்ணி வச்சிருக்க?"

"வானம் சும்மாதானே கெடக்குது. ஒரு நாய் போட்டேன்."

"இது நாயா? அஞ்சு கால் இருக்கு."

"அதுல ஒண்ணுதான்லா வாலு. மிஸ்ஸிக்கு ஊசி போடத்தான் தெரியும், நாயப் பத்தி என்ன தெரியும்?"

ஆஸ்பத்திரித் தாதிகளை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்பார்கள். அண்ணன் அதை எப்போதும் கேலியாகத்தான் சொல்வான். இன்னொரு அட்டை பூச மருந்து மிச்சமில்லாததால், அதையே பகாவுக்கு அனுப்பினேன். சில வாரங்களுக்குப் பிறகு அது முடிந்து திரும்பி வந்தது. ஆசிரியையின் மூங்கில் இலைகளுக்குக் கீழே ஓர் அருமையான நாய் நின்றது. நான்கு கால், ஒரு வால், நனைந்த மூக்கு. அண்ணன் போட்ட பெஞ்சு மாதிரியான பிராணியைப் பலகைக்காரர் முழுதாக மாற்றிவிட்டிருந்தார்.

அண்ணனுக்குக் கோபம் வருமோ என்று நினைத்தேன். அவன் அட்டையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே ஓடினான்.

"அம்மா, இங்க பாரேன். நம்ம நாய் சிரம்பான் போயி ஸ்கூல் படிச்சிட்டு வந்திருக்கு!"

"ஏழு கழுதை வயசாகுது, பொண்ணு பாக்கலாம்னா நாய் போட்டுக்கிட்டுத் திரியுறான்" என்று அம்மா திட்டினார். ஆனால் கையைத் துடைத்துவிட்டு அட்டையை வாங்கிப் பார்க்கவும் செய்தார்.

அதிலிருந்து ஒவ்வொரு அட்டையிலும் நாய்தான். அண்ணன் வேண்டுமென்றே மேலும் மேலும் மோசமாகப் போட ஆரம்பித்தான். காது வயிற்றில் இருக்கும். மூக்கு இரண்டு இருக்கும். "இத எப்படித் திருத்துறாருன்னு பாத்துடுவோம்" என்பான். எங்களுக்குத் திரும்பும் ஒவ்வொரு அட்டையிலும் அது அழகான நாயாகியிருக்கும். பலகைக்காரர், நான்தான் நாய் வரையத் தெரியாமல் திண்டாடுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். ஒரு வரி எழுதி விளக்கியிருக்கலாம். ஆனால் எழுதக் கூடாது என்பது எங்கள் ஏற்பாடு. தவிர, விளையாட்டு எங்கள் இருவருக்கும் பிடித்திருந்தது.

இந்தச் சமயத்தில் பக்கத்துத் தோட்டத்து லோரி ஒன்றைக் காட்டில் இருப்பவர்கள் சுட்டார்கள். உடனே எங்கள் தோட்டத்து லோரிக்கு இரும்புத் தகடு அடித்தார்கள். கதவு, முன்பக்கம், கண்ணாடி எல்லாவற்றையும் தகடு மூடியது. ஓட்டுகிறவன் பார்க்க ஒரு நீளமான துளை மட்டும்.

"தபால் பெட்டிக்குள்ள உக்காந்து ஓட்டுற மாதிரி இருக்கு" என்றான் அண்ணன். "கனம் தாங்கல. வளைவுல திருப்புனா வண்டி ஒரு பக்கமா போவுது, நான் ஒரு பக்கமா போறேன்."

"ஆபீஸ்ல சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். உன் உசிருக்குத்தானே அடிச்சிருக்குன்னாங்க."

மழைக்காலம் வந்தது. ஒரு நாள் மத்தியானம், பால் ஏற்றிக்கொண்டு வந்த லோரி ஆற்றங்கரை வளைவில் சறுக்கி, கரை இடிந்து, தண்ணீருக்குள் போய்விட்டது. யாரும் சுடவில்லை. காட்டிலிருந்து யாரும் வரவில்லை. தகடு அடித்த கதவு நசுங்கித் திறக்க முடியாமல் போனதுதான் காரணம். அண்ணனை வெளியே எடுத்தபோது என்னைக் கூப்பிட்டார்கள். நாடி பார்ப்பது என் வேலை. பார்த்தேன். இல்லை என்று நான்தான் சொன்னேன்.

அடுத்த நாட்களில் நான் அழவில்லை. செய்ய வேண்டியவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதி, ஒவ்வொன்றாக முடித்தேன். டாக்டர் சான்றிதழ். போலீஸ் நிலையத்தில் அடையாள அட்டை; அதிலிருந்த அவன் படம் தண்ணீரில் ஊறி வெளுத்துப் போயிருந்தது, அதையும் வாங்கிக்கொண்டார்கள். ஆபீசில் லோரி சாவி. "இந்தப் பொண்ணு கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு" என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டது கேட்டது. தவறில்லை. கையில் வேலை இருந்தால் நான் நிற்பேன், இல்லாவிட்டால் விழுந்துவிடுவேன். அது அவர்களுக்குத் தெரியாது.

பால் தெளித்து முடிந்த அன்று, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

"அந்த அட்டைங்கள எடுத்தா."

என்னிடம் இருந்தவற்றைத் தரையில் பரப்பினேன். அம்மா ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இதுல அவன் போட்டது எது?"

"எல்லாத்துலயும் அவன் போட்டான்மா. ஆனா அதையெல்லாம் சிரம்பான்ல அவரு மாத்திட்டாரு."

"அப்ப அவன் கையால போட்டது ஒண்ணுகூட இல்லியா?"

எத்தனை முறை சிரித்தோம்! ஒவ்வொரு சிரிப்பிலும் அவன் கோடு ஒன்று அழிந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு ஒன்று ஞாபகம் வந்தது.

"ஒண்ணு இருக்கும்மா. அவன் போறதுக்கு முந்தி பகாவுக்கு அனுப்புனது. இன்னும் திரும்பி வரல."

"உங்கப்பனுக்குத்தான் ஒண்ணும் இல்லாமப் போச்சு" என்றார் அம்மா. "போயி அத வாங்கியா. அந்த ஆளு கை வைக்கறதுக்குள்ள வாங்கியா."

மறுநாள் காலை தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். கணக்கு எழுதும் கிராணி நல்ல மனிதர். எதுவும் கேட்காமல் பகாவ் பக்கத்துத் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டு, பள்ளிக்கூடத்தில் விசாரிக்கச் சொன்னார். வெகு நேரம் காத்திருந்தோம். பதில் வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "டீச்சர் போன வாரமே சிரம்பானுக்கு அனுப்பிட்டாங்களாம்மா."

துக்க வீட்டுப் பெண் பதினாறு கழியாமல் வெளியே போகலாமா என்று சிலர் கேட்டார்கள். அம்மாவே என் பையை எடுத்துக் கையில் கொடுத்தார். கேட்டில் காவலுக்கு நின்றவன் அண்ணனோடு பந்து விளையாடுகிறவன். பையைத் திறந்து காட்டினேன். அவன் பார்க்கவில்லை, "போங்க மிஸ்ஸி" என்று சொல்லி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

சிரம்பானில் கடையைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில், சுவரோரமாகப் பலகைகள் ஈரத்தோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் ஊரடங்கு எல்லைப் பலகைகள். நான்கு மொழிகளில் சிவப்பு எழுத்து. உள்ளே தாழ்வான முக்காலியில், தொப்பி போட்ட ஒல்லியான ஒரு முஸ்லிம் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். மூக்குக் கண்ணாடியின் ஒரு பக்கத்தை நூலால் கட்டியிருந்தார்.

"யாரும்மா வேணும்?"

"லிங்கித் தோட்டத்துலேர்ந்து வர்றேன் மாமா. அந்த அட்டை..."

அவர் எழுந்தே விட்டார். "நீங்களா! அல்லாவே, நான் யாரோ வயசான கிராணின்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன். அட்டைய அவ்வளவு சுத்தமா வெட்டுறீங்க. நாய் மட்டும்தான்..." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கோவிச்சுக்காதீங்கம்மா. உங்க அட்டை வந்துச்சுன்னா கையில இருக்கற போர்டத் தள்ளி வச்சிட்டு மொதல்ல நாயத்தான் பாப்பேன். அதுக்காகவே காத்துக்கிட்டிருப்பேன்."

"இப்ப ஒண்ணு வந்திருக்குமே மாமா?"

"வந்துச்சு, வந்துச்சு. முடிச்சே வச்சிட்டேன்." கயிற்றில் மாட்டியிருந்ததை எடுத்துக் கொடுத்தார். "இந்தத் தடவ ரொம்ப மோசம். கண்ணு முதுகுல இருந்துச்சு. இப்பப் பாருங்க, எந்திரிச்சு ஓடப் போகுது."

உண்மைதான். ஊதா மஞ்சளில் கரையும் இடத்தில், ஆசிரியை ஒட்டிய ரப்பர் இலைகளுக்குக் கீழே, ஒரு காதை மட்டும் தூக்கிக்கொண்டு பழுப்பு நாய் ஒன்று பாயத் தயாராக நின்றது. அவர் போட்டவற்றிலேயே சிறந்தது அதுதான்.

"அடியில பழைய கோடு இருக்குமா மாமா?"

"எப்படிம்மா இருக்கும்? பிளேடால சுரண்டி எடுத்துட்டு, வெள்ளை அடிச்சுத்தான் மேல போடுவோம். பழசு மேல அப்படியே எழுதுனா கொஞ்ச நாள்ல பல்லக் காட்டிடும். போர்டு வேலையில அதான் மொதல் பாடம்." அப்போதுதான் என் முகத்தைக் கவனித்தார். "ஏம்மா?"

சொன்னேன். வார்டில் டாக்டரிடம் நோயாளியின் விவரம் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னேன். நாய் போட்டது நான் இல்லை, என் அண்ணன். லோரி ஓட்டினான். வேண்டுமென்றேதான் கோணலாகப் போட்டான். நீங்கள் திருத்துவது அவனுக்கு அவ்வளவு பிடிக்கும். போன வாரம் இறந்துவிட்டான். அம்மாவுக்கு அவன் கையால் போட்டது ஒன்று வேண்டும்.

அவர் மெதுவாக முக்காலியில் உட்கார்ந்தார்.

"அப்ப நீங்க ரெண்டு பேரா?" என்றார். அட்டையைத் திரும்ப வாங்கிப் பார்த்தபடி, "சொல்லிக் குடுக்கறதா நெனச்சேன்மா. அடுத்த தடவ கொஞ்சம் நல்லா வரும், அதுக்கடுத்த தடவ இன்னும் நல்லா வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

வாசலில் யாரோ வந்து பலகை ஆயிற்றா என்று கேட்டார்கள். "நாளைக்கு" என்றார் திரும்பிப் பார்க்காமல். பிறகு சட்டென்று ஒரு தாளை இழுத்துப் பலகையில் வைத்தார்.

"எனக்கு ஞாபகம் இருக்கு. ஒவ்வொண்ணும் ஞாபகம் இருக்கு. சுரண்டறதுக்கு முந்தி நல்லாப் பாத்துட்டுத்தானே சுரண்டுவேன். இருங்க."

பென்சிலை எடுத்தார். "கண்ணு இங்க. முதுகுல. காது இந்தப் பக்கம் தொங்கும். வாலு காலுக்குப் பக்கத்துல." எல்லாம் சொன்ன இடத்தில்தான் வந்தன. ஆனால் அது அண்ணனின் நாய் இல்லை. கைதேர்ந்த ஒருவர் வேடிக்கைக்காகத் தப்பாகப் போட்ட நாய். முதுகில் இருந்த கண்ணுக்குக்கூட உயிர் இருந்தது. அவருக்கும் அது தெரிந்தது. தாளைத் தள்ளிவிட்டு இன்னொன்று எடுத்தார். அதுவும் அப்படித்தான். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் போட்டார். இடது கைக்கு மாற்றினார். இடது கை நடுங்கியது. ஆனால் அந்த நடுக்கத்திலும் கோடு எங்கே வளைய வேண்டுமோ அங்கே வளைந்தது. வாழ்நாளெல்லாம் கோணலைத் திருத்தியே பழகிய கை. தப்பான பக்கம் போகத் தொடங்கினாலும் பாதியில் அதுவாகவே திரும்பிக்கொண்டது.

"நீங்க போட்டுப் பாருங்கம்மா" என்று பென்சிலை நீட்டினார். நான் போட்டது ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருக்கும் எலும்புப் படம் மாதிரி இருந்தது.

"வரமாட்டேங்குதும்மா" என்றார் அவர். "இத்தன வருஷத்துல எங்கிட்ட யாரும் தப்பா ஒண்ணு கேட்டதில்ல." கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்தவர், நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. அண்ணனின் குரலையோ முகத்தையோ அறியாத ஒரு மனிதர். ஆனால் அவன் போட்ட ஒவ்வொரு கோட்டையும் இந்த உலகத்தில் அவரளவுக்கு உற்றுப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. அந்த ஆற்றங்கரையில் வராத அழுகை எனக்கு அங்கேதான் வந்தது.

கிளம்பும்போது அட்டையோடு, அவர் போட்டுத் தள்ளிய தாள்கள் எல்லாவற்றையும் கேட்டேன். "இந்தக் குப்பைய எதுக்கும்மா?" என்றவர், பிறகு ஒவ்வொன்றையும் நீவி அடுக்கிப் பழைய பத்திரிகையில் சுற்றிக் கொடுத்தார். பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடவே வந்தார். பஸ் புறப்படும்போது ஜன்னல் பக்கம் வந்து, "அம்மாகிட்ட என்னய மன்னிக்கச் சொல்லும்மா" என்றார்.

ஊரடங்குக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன். அம்மா சுவரோரமாக அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். அட்டையைக் கொடுத்தேன். பார்த்தார். கீழே வைத்தார். தாள்களைப் பிரித்து அவர் முன்னால் பரப்பி, கடையில் நடந்ததைச் சொன்னேன். அம்மா ஒவ்வொரு நாயாகப் பார்த்துக்கொண்டே வந்தார். இடது கையால் போட்ட தாளைக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தார்.

"எல்லாம் நல்ல நாயிங்க" என்றார். "அவன மாதிரி போட ஒருத்தருக்கும் வரல."

"ஆமாம்மா."

"அந்த மனுஷன் அழுதாரா?"

"அழுதாரும்மா."

அம்மா அட்டையைத் திரும்பக் கையில் எடுத்தார். முந்தானையால் அதன் மேல் பட்டிருந்த தூசியைத் துடைத்தார்.

"அப்ப இத வச்சுக்குவோம்" என்றார். "அவனுக்காக அழுதவரு கை இதுல இருக்குல்ல."

அந்த அட்டை இப்போது அம்மாவின் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. ஆசிரியைக்கு நடந்ததை ஒரு கடிதத்தில் எழுதினேன். எங்கள் ஏற்பாட்டை மீறி அதன்பின் மூவரும் அட்டையில் இரண்டு வரி எழுதிக்கொள்கிறோம். காய்ச்சல் வந்தது, பள்ளிக்கு விடுமுறை, கடைக்குப் புது முக்காலி என்று சின்னச் சின்னச் செய்திகள். பலகைக்காரர் என் பின்னணியில் வண்ணம் வழிந்திருந்தாலும் இப்போது திருத்துவதில்லை; "இது உங்களதா, வேற யாரோடதாச்சுமா?" என்று கேட்டு எழுதுகிறார். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட வரும் குழந்தைகள் என் குறிப்புத் தாள் ஓரத்தில் எதையாவது கிறுக்கிவிட்டுப் போகிறார்கள். முன்பெல்லாம் உடனே ரப்பர் எடுத்து அழித்துவிடுவேன். இப்போது, அழகாக்க வேண்டும், சரியாக்க வேண்டும் என்று கை நீளும்போதெல்லாம் ஒரு கணம் நிறுத்தி, இந்தக் கோணல் யாருடைய கை என்று பார்த்துக்கொள்கிறேன். ஏனென்றால் எவ்வளவு தேர்ந்த கையாலும் இன்னொருவரின் கோணலைத் திரும்பப் போட்டுத் தர முடியாது.